பின் இருக்கைக்கு அடியில் ஒரு பேட்டரி: ஹைபிரிட் கார் கேள்வி–பதில்

ஹோண்டா சிட்டி ஹைபிரிட் வைத்திருக்கிறேன். கம்பெனி சொல்வது லிட்டருக்கு 27.13 கி.மீ. எனக்கு 17 தாண்டவில்லை. வீட்டிலிருந்து கடைக்கு 3 கி.மீ. தூரம்தான். வண்டியில் கோளாறா?
– வாசகர், மதுரை

கோளாறு இல்லை, நீங்கள் ஓட்டும் தூரம்தான் போதவில்லை. பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரில் பேட்டரி நிறைந்திருந்தாலும், ஆறிப்போன இன்ஜின் முதலில் ஓடியே தீரும். கூலன்ட் சூடாக வேண்டும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடாக வேண்டும். அது முடிவதற்குள் உங்கள் கடை வந்துவிடுகிறது. அதாவது, நீங்கள் ஓட்டுவது பெரும்பாலும் வெறும் பெட்ரோல் காரைத்தான். காலையில் கடை, மதியம் சந்தை, மாலையில் வங்கி என்று பிரிக்காமல் ஒரே சுற்றில் முடித்துப் பாருங்கள், வித்தியாசம் ஒரே டேங்கில் தெரியும்.

27.13 என்பது ஏசி போடாமல் ஆய்வுக்கூட உருளைமேல் ஓட்டி எடுத்த கணக்கு. இந்த வண்டியின் ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவது. 18 டிகிரியில் வைத்தால் பேட்டரியை அதுவே குடித்துவிடும், அதை நிரப்ப இன்ஜின் எழும். 24, 25-இல் ஆட்டோவில் விடுங்கள். டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன்பே, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பிடியுங்கள். சிக்னலைத் தூரத்திலேயே பார்த்து மெல்லப் பிரேக் மிதித்தால் அந்த வேகம் மின்சாரமாகப் பேட்டரிக்குத் திரும்பும். கடைசி நொடியில் அழுத்தி மிதித்தால் பிரேக் பேடில் சூடாகிக் காற்றோடு போகும்.

பின் இருக்கைப் பக்கம் 'உஸ்' என்று காற்றாடிச் சத்தம். வெயிலில் போனால் கூடுகிறது. பழுதா?
– வாசகி, சென்னை

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பலர் பாட்டின் ஒலியைக் கூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி அது. காருக்குள் நாம் சுவாசிக்கும் அதே காற்றைத்தான் இழுத்து பேட்டரிமேல் வீசுகிறது. வெயிலில் சற்றுக் கூடுவது இயல்பு. எப்போதும் உரக்கக் கேட்டால் காற்று போகும் வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். பின் இருக்கையின் பக்கவாட்டிலோ அடியிலோ கைப்பிடி அளவில் ஒரு கிரில் இருக்கும். வண்டியை அணைத்து, சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு, அந்தக் கிரில் மூடியை மெல்ல நெம்பி எடுங்கள். உள்ளே ஒரு மெல்லிய வலை. தூசியும் துணி இழையும் தலைமுடியும் சேர்ந்து, பழைய கம்பளித் துண்டுபோல அதில் ஒட்டிக்கிடக்கும். உலர்ந்த மென்பிரஷால் தட்டி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். அந்தத் துவாரத்துக்குள் தண்ணீரோ ஏர் கம்ப்ரஸர் காற்றோ அடிக்கவே கூடாது, அழுக்கு பேட்டரிக்கே போய்ச் சேரும். வலையைக் கழுவினால் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். வீட்டில் நாய், பூனை வளர்த்து அவையும் காரில் வந்தால் மாதம் ஒருமுறை. சுத்தம் செய்தும் சத்தம் நீடித்தால் விசிறியின் இதழ்களிலேயே தூசி படிந்திருக்கும். அதைக் கழற்றுவது சர்வீஸ் சென்டர் வேலை. கிரில்மேல் பையோ சீட் கவரோ படியாமல் பாருங்கள். பேட்டரியைத் தின்பது வயதைவிட வெப்பம்தான். லட்சக்கணக்கில் விலைபோகும் பொருளின் ஆயுள் இந்த வலையில் தொங்குகிறது.

2014ஆம் ஆண்டு டொயோட்டா அக்சியோ ஹைபிரிட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பட்டரி போனால் பெரிய செலவு என்று எல்லாரும் வெருட்டுகினம். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், யாழ்ப்பாணம்

அக்சியோவில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 7.2 வோல்ட் துண்டுகள் 20, ஒன்றன்பின் ஒன்றாக, மொத்தம் 144 வோல்ட். இருபதில் ஒன்று தளர்ந்தாலும் முழுப் பேட்டரியும் பழுது என்றே வண்டி சொல்லும்.

பார்க்கப் போகும் முன், வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். பிறகு நிறுத்தி, கியரை 'பி'யில் (பார்க்கிங்) வைத்து ஏசியை முழுதாகப் போடுங்கள். இன்ஜின் அணையும், பேட்டரி இறங்கியதும் மறுபடி எழும். ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து அணைந்துகொண்டே இருந்தால் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது. பேட்டரியைச் சோதிக்க ஏற்றமான வீதியை யாழ்ப்பாணத்தில் தேட முடியாது. வாகனம் இல்லாத நேர் வீதியில் ஒருமுறை அழுத்தி வேகமெடுத்து, அழுத்திப் பிரேக் போடுங்கள். திரையில் பேட்டரிக் கோடுகள் நிறைந்த நிலையிலிருந்து இரண்டுக்குக் குதித்து, உடனே மேலே பாய்ந்தால் வாங்காதீர்கள்.

கூடவே, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரை அழைத்துப் போங்கள். வேகமெடுக்கும்போது பேட்டரித் தொகுதிகளின் வோல்ட் அளவுகளை வரிசையாகக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏற வேண்டும். ஒன்று மட்டும் தனியே விழுந்தால் அதுதான் நோயாளி. பி0ஏ80 என்ற குறியீடு இருந்தால் பேட்டரியை மாற்றச் சொல்கிறது என்று பொருள். குறியீடு எதுவும் இல்லை என்பதாலேயே நம்பிவிடாதீர்கள். முதல் நாள் அழித்திருக்கலாம். அப்படி அழித்தால் வண்டியின் சுயபரிசோதனைகள் 'முடியவில்லை' என்று ஸ்கேனரில் நிற்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஜப்பானில் ஏலத்தில் விற்றபோது கொடுத்த சீட்டில் உள்ள சேசிஸ் எண்ணையும் ஓடிய தூரத்தையும் வண்டியோடு ஒப்பிடுங்கள்.

தளர்ந்த ஒரு துண்டை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று கராஜ்களில் சொல்வார்கள். செலவு குறைவு, உண்மை. ஆனால் மீதி 19 துண்டுகளுக்கும் அதே வயது. ஒன்றை மாற்றினால் சில மாதத்தில் அடுத்தது விழும். விற்பதற்காக அல்லாமல் ஓட்டுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் முழுப் பேட்டரியின் விலையை இப்போதே கேட்டறிந்து, அதைக் கழித்து வண்டிக்கு விலை பேசுங்கள்.

வீட்டில் சார்ஜ் போட வேண்டுமா? பெட்ரோல் தீர்ந்தால் பேட்டரியில் எவ்வளவு தூரம் போகலாம்?
– வாசகர், திருநெல்வேலி

சார்ஜ் வேண்டாம், அதற்கான பிளக்கும் கிடையாது. பேட்டரியில் போவதாக நினைத்து டேங்கை வற்றவிடாதீர்கள். மேலே சொன்ன அக்சியோ பேட்டரி மொத்தமே ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கீழேதான். அதிலும் ஒரு பகுதியைத்தான் வண்டி பயன்படுத்த விடும். பங்க் வருவதற்குள் நின்றுவிடும்.

ஒன்றரை மாதம் வெளிநாடு போய் வந்தேன். கதவு விளக்கு மங்கலாக எரிகிறது, 'ரெடி' விளக்கு வரவில்லை. பெரிய பேட்டரி போய்விட்டதா?
– வாசகி, கோயம்புத்தூர்

பெரும்பாலும் சின்னதுதான் போயிருக்கும். ஹைபிரிட் காரிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. அது இன்ஜினைச் சுழற்றுவதில்லை, கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலே சுவிட்சுகளைப் போடுகிறது, அவ்வளவுதான். அந்தச் சின்ன வேலைக்குக்கூட அதில் தெம்பு இல்லாவிட்டால் வண்டி பிணம்போலக் கிடக்கும். ஆல்டர்னேட்டர் கிடையாது. 'ரெடி' எரியும்போது மட்டுமே பெரிய பேட்டரியிலிருந்து இதற்குச் சார்ஜ் ஏறும். வெறும் ஆக்சசரி நிலையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டால் சின்ன பேட்டரிதான் வற்றும்.

கையேட்டில் காட்டிய முனைகளில் மட்டும் ஜம்ப் கேபிள் கொடுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் மின்சாரத்தை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் பாகம் எரிந்து செலவு பல மடங்காகும். பேட்டரி டிக்கியிலோ கேபினிலோ இருக்கும் வண்டிக்கு, வாயுவை வெளியேற்றும் குழாய் பொருத்தக்கூடிய ஏஜிஎம் வகையே போட வேண்டும், சாதாரணப் பேட்டரி கூடாது. அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது யாரையாவது வாரம் ஒருமுறை 'ரெடி'யில் அரைமணி நேரம், 'பி'யில் நிறுத்தி ஓடவிடச் சொல்லுங்கள். 'என்'னில் (நியூட்ரல்) விட்டால் பெரிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது.

வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் விடலாமா?
– வாசகர், சேலம்

ஆயில், ஏர் ஃபில்டர், டயர் வேலைகளுக்கு விடலாம். கியர் ஆயிலில்தான் தவறு நடக்கிறது. ஹைபிரிட் கியர்பெட்டியின் 'இ-சிவிடி' என்ற பெயரைப் பார்த்து சிவிடி ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். சாதாரண சிவிடி கியர்பெட்டி பெல்ட்டில் ஓடுவது, இதற்குள் பெல்ட்டே இல்லை. டொயோட்டாவில் கோள்பற்சக்கரமும் மோட்டார்களும், ஹோண்டாவில் மோட்டாரும் கிளட்சும். உங்கள் வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் ஆயிலின் பெயரை எழுதிக் கொடுத்தே விடுங்கள்.

பிரேக் பேடு வெகுநாள் தேயாது. அதனாலேயே யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை, மழையில், பேடை அழுத்தும் காலிப்பரின் பின்கள் துருவேறி இறுகிவிடுகின்றன. வருடம் ஒருமுறை கழற்றிக் கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாவி தள்ளியே இருக்கட்டும். சில மாடல்களில் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் எழுந்து, கழற்றி வைத்த காலிப்பரின் பிஸ்டனை வெளியே தள்ளிவிடும். உயர் வோல்ட் மின்சாரம் போகும் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் அவர் தொட வேண்டாம். அதற்கு 1000 வோல்ட் கையுறையும், பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிய பின் பத்து நிமிடக் காத்திருப்பும், பயிற்சியும் வேண்டும்.

மழை வெள்ளத்தில் தண்ணீர் இருக்கை வரை வந்து வடிந்தது. காயவைத்து எடுக்கலாமா?
– வாசகர், வேளச்சேரி

ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். தண்ணீர் நின்ற அளவு தெரியும்படி உள்ளும் புறமும் படமெடுத்து முதலில் இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள். நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு லாரியில் மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும். முன்சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் சுழன்று மின்சாரம் பிறக்கும். பேட்டரியைத் திறந்து பார்க்கவும், மின்சாரம் கசிகிறதா என்று காட்டும் காப்புத்தடை அளவு எடுக்கவும் சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேளுங்கள். வண்டல் உள்ளே போயிருந்தால் இன்று ஓடும் வண்டி, செப்புத் தகடுகள் பச்சை பூத்து சில வாரம் கழித்து நிற்கும்.