மகாமகக் குளத்தின் நான்கு மூலை

கேள்வி: என் மகள் கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. கணிதவியலாளர் ஜூன் ஹு மாதிரி காம்பினேட்டரிக்ஸையும் இயற்கணித வடிவியலையும் சேர்த்து ஆராயப் போகிறேன் என்கிறாள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: காம்பினேட்டரிக்ஸ் என்பது வழிகளை எண்ணும் கணிதம்; இயற்கணித வடிவியல், பல்லுறுப்புக்கோவைச் சமன்பாடுகள் தரும் வடிவங்களை ஆராய்வது. இரண்டும் சேரும் இடத்துக்கு ஓர் உதாரணம்: மகாமகக் குளத்தின் நான்கு மூலையிலும் கொடி நடுகிறோம். ஒரே கரையின் இரு முனைகளில் ஒரே நிறம் கூடாது. கையில் ‘ந’ நிறங்கள் இருந்தால், நடும் வழிகள் ந⁴ − 4ந³ + 6ந² − 3ந. மூன்று நிறம் என்றால் 81 − 108 + 54 − 9 = 18. குறிகளை விட்டுவிட்டு எண்களை மட்டும் பாருங்கள்: 1, 4, 6, 3. ஏறி, பிறகு இறங்குகிறது. நடுவில் பள்ளம் இல்லை. குளத்தின் மூலைகளைப் புள்ளிகளாகவும் கரைகளைக் கோடுகளாகவும் பார்த்தால் அது ஒரு வலையமைப்பு. எந்த வலையமைப்புக்கும் இப்படித்தான் என்று 1968-இல் ரீட் என்ற கணிதவியலாளர் ஊகித்தார். 2012-இல் வெளியான கட்டுரையில் ஹு அதை நிரூபித்தார். கருவி, இயற்கணித வடிவியல். எண்ணும் கணக்குக்கு வடிவியல் விடை சொன்னதுதான் வியப்பு. 2022-இல் அவருக்குக் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம்.

மகள் முதலில் நேரியல் இயற்கணிதத்தைக் கரைத்துக் குடிக்கட்டும். அடுத்து குலம், வளையம் என்ற இயற்கணித அமைப்புகள்; பிறகு பல்லுறுப்புக்கோவைகளின் ஐடியல், அதாவது தமக்குள் கூட்டினாலும் எந்தப் பல்லுறுப்புக்கோவையால் பெருக்கினாலும் வெளியே போகாத தொகுப்பு. பலர் சறுக்குவது இங்கேதான்: ஒரு ஐடியலைக்கூடக் கையால் கணக்கிடாமல் ‘ஸ்கீம்’ என்ற மேல்நிலைக் கருத்தின் பக்கம் தாவிவிடுவார்கள். சிறு கணக்குகளைக் கையால் போட்டு, ‘மெக்காலே2’ என்ற இலவச மென்பொருளில் சரிபார்க்கலாம்.

எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.களின் ஜாம் தேர்வு, சிறுசேரியில் உள்ள சி.எம்.ஐ. (சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்) நடத்தும் நுழைவுத் தேர்வு இரண்டையும் எழுதலாம். விடையைக் குறித்துப் பழகினால் மட்டும் போதாது; நிரூபணத்தை வரிவரியாக எழுதும் பழக்கம் இப்போதே வேண்டும்.