காற்றாலைக்கு எந்த இடம் சரி? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பென்னாகரம்: எங்கள் மேட்டு நிலத்தில் ஆடி மாதம் நிற்கவே முடியாத காற்று. கம்பெனிக்காரர்களைக் கூப்பிடலாமா அண்ணா?

கூப்பிடலாம் தம்பி, ஆனால் ஆடிக்காற்றை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். தமிழ்நாட்டுக் காற்றாலைகள் அதிகம் உற்பத்தி செய்வது மே முதல் செப்டம்பர் வரைதான், அந்த வகையில் அது நல்ல அறிகுறி. மற்ற மாதங்களில் என்ன நிலை? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். வினாடிக்கு 5 மீட்டர் வீசும் இடத்தையும் 6 மீட்டர் வீசும் இடத்தையும் நின்று பார்த்துப் பிரித்தறிவது கடினம், ஆனால் ஆற்றலில் 70 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அதனால்தான் உயரமான கம்பம் நட்டு, கருவி மாட்டி, குறைந்தது ஒரு வருடம் அளக்கச் சொல்கிறேன். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் காற்று வரைபடத்தை முதலில் பாருங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

தருமபுரி: பல்லடம், உடுமலைப் பக்கம் அவ்வளவு காற்றாலை. நமக்கும் தொப்பூர் கணவாய் இருக்கிறதே சார்?

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையையே பிளந்து நிற்கிறது, தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கி நுழைந்து வேகமெடுத்து அந்தப் பக்கம் வருகிறது. தொப்பூர் வழி ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகிறது, பருவக்காற்றோ மேற்கிலிருந்து வருகிறது. அளந்து பார்க்காமல் அங்கே பணம் போட வேண்டாம்.

அரூர்: சித்தேரி மாதிரி மலை உச்சிதானே சிறந்தது?

மெல்ல ஏறும் சரிவு என்றால் காற்று வேகமெடுக்கும். செங்குத்தான விளிம்பில் அது சுழன்று அடித்து இறக்கைகளையும் கியர்பெட்டியையும் தேய்த்துவிடும். அப்புறம், இப்போதைய இறக்கை ஒன்று 60 மீட்டருக்கு மேல் நீளம், கொண்டை ஊசி வளைவில் எப்படித் திருப்புவது? காட்டு நிலமாக இருந்தால் வனத்துறை அனுமதியும் வேண்டும்.

தேன்கனிக்கோட்டை: ஜவளகிரி, தளிப் பக்கம் போடலாமா?

நான் வேண்டாம் என்பேன். பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் வரும் வழி அது. 2014இல் காவிரி வடக்கு சரணாலயமும் 2022இல் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவித்ததே இந்தக் காடுகளைக் காக்கத்தான். விசிறிக்காகப் போடும் சாலையும் வேலியும் வழியை மறித்தால், யானைகள் கேழ்வரகுக் கொல்லைக்குள்தான் இறங்கும்.

போச்சம்பள்ளி: வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? மாந்தோப்பு போய்விடுமா ஐயா?

2016ஆம் வருட மத்திய வழிகாட்டுதல்படி குடியிருப்பிலிருந்து 500 மீட்டர். காற்றாலைகளுக்கு இடையேயும் விசிறி விட்டத்தைப்போலப் பல மடங்கு இடைவெளி விடவேண்டும் என்பதால் நடுவில் தாராளமாக விவசாயம் செய்யலாம்.

பாலக்கோடு: தரகர் முன்பணம் தந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்கிறார்.

அளவுக் கம்பம் எங்கே நட்டார்கள், ஒரு வருடக் கணக்கு என்ன, துணை மின்நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். இன்னும் அளக்கவே இல்லை என்றால், கம்பம் நிற்கும் இடத்துக்கு மட்டும் வாடகை பேசுங்கள், முழு நிலத்துக்கும் கையெழுத்து வேண்டாம்.