வீராணம் ஏரியும் காட்டுமன்னார்கோயிலும்: கேள்வி பதில்

கேள்வி: வீராணம் என்ற பெயர் எப்படி வந்தது? ஏரி இயற்கையானதா?

பதில்: இயற்கையானதன்று. முதலாம் பராந்தக சோழர் (907–955) காலத்தில் கரை எழுப்பி உருவாக்கப்பட்டது. அவருடைய பட்டப்பெயர் வீரநாராயணன். வீரநாராயண ஏரி என்பதே நாளடைவில் மக்கள் வாயில் வீராணமாயிற்று. அதே பெயரில் அமைந்த வீரநாராயணபுரம்தான் இன்றைய காட்டுமன்னார்கோயில். கொள்ளிடத்து நீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு வருகிறது. சுற்றுவட்டார வயல்களுக்குப் பாய்வதோடு, 2004 முதல் சென்னைக்கும் குழாய்வழி செல்கிறது.

கேள்வி: அரை நாள்தான் இருக்கிறது. எதைத் தவறவிடக் கூடாது?

பதில்: காட்டுமன்னார்கோயிலின் ஒரு பகுதியான உடையார்குடியில் இருக்கும் அனந்தீசுவரர் கோயிலை. பலரும் ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். முதலாம் ராஜராஜரின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. ராஜராஜரின் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களும் அவர்களுடைய உறவினரும் வைத்திருந்த உடைமைகளைக் கைப்பற்றும்படி இவ்வூர்ச் சபைக்கு அரசர் அனுப்பிய ஆணையை அது பதிவு செய்கிறது. கொலைக்குப் பின்னால் இருந்து தூண்டியவர் யார் என்று அக்கல்வெட்டு கூறவில்லை; அதை அதிலிருந்தே நிறுவ முயல்வது கல் சொல்லாததைச் சொல்ல வைப்பதாகும். எழுத்துகளைத் தொடாமல், பக்கவாட்டில் வெயில் விழும் வேளையில் பாருங்கள். கீறல்கள் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: வைணவர்களுக்கு இவ்வூர் ஏன் முக்கியம்?

பதில்: வைணவ ஆசாரியர்களான நாதமுனிகளும் அவருடைய பேரர் ஆளவந்தாரும் பிறந்த ஊர் இது. வீரநாராயணப் பெருமாள் சன்னிதியில் யாத்திரிகர் சிலர் குடந்தைப் பெருமாளான ஆராவமுதன் மீது நம்மாழ்வார் பாடிய திருவாய்மொழிப் பதிகத்தைப் பாட, அதன் முடிவில் “ஆயிரத்துள் இப்பத்தும்” என்று வந்ததைக் கேட்ட நாதமுனிகள், மற்றப் பாசுரங்கள் எங்கே என்று தேடிப் புறப்பட்டார் என்பது குருபரம்பரை வரலாறு. ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களும் நமக்குக் கிடைத்தது அந்தத் தேடலால்தான். அந்தச் சன்னிதியில் நிற்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: எப்போது வரலாம், எப்படி வரலாம்?

பதில்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வருவது நல்லது; கோடையில் நீர் வெகுவாகக் குறைந்துவிடும். சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ.

கேள்வி: அருகில் வேறு கோயில்கள் உண்டா?

பதில்: தேர் வடிவில் சக்கரங்களுடன் எழுப்பப்பட்ட மேலக்கடம்பூர் அமிர்தகடேசுவரர் கோயில் சில கிலோமீட்டர் தொலைவில்தான். முழு நாள் ஒதுக்கினால் கங்கைகொண்ட சோழபுரத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.