பழைய என்ஜினுக்குப் பொருந்தும் பாகம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மொரிஸ் மைனர் 1960இல் பதிவானது. பதிவுப் புத்தகத்தில் 948 சிசி என்று இருக்கிறது. அதைச் சொல்லித்தான் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் பிஸ்டன் செட்டும் பிக் என்ட் பெயாரிங்கும் (கனெக்டிங் ரொட் கிராங்கோடு சேரும் முனைக்கானது) வாங்கினோம். பெயாரிங் கச்சிதமாக உட்கார்ந்தது. பிஸ்டனோ சிலிண்டருக்குள் லொடலொட என்று ஆடுகிறது. 40 ஓவர்சைஸ் எடுங்கள் என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: எடுக்காதீர்கள், காசு வீண். உங்கள் காரில் இருப்பது பெரும்பாலும் 1098 சிசி என்ஜின்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 948இன் ஸ்டாண்டர்ட் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 62.94 மி.மீ. 40 ஓவர்சைஸ் என்றால் 0.040 அங்குலம் கூடுதல், அதாவது ஏறத்தாழ 1 மி.மீ. ஆக 63.96. அதற்கும் மேலே 60 ஓவர்சைஸ் போட்டாலும் 64.46தான் வரும். 1098இன் ஸ்டாண்டர்ட் போரே 64.58. எந்த 948 பிஸ்டனும் அதை நிரப்பாது. பெயாரிங் ஏன் பொருந்தியது என்று கேட்பீர்கள். இரண்டு என்ஜினுக்கும் பிக் என்ட் ஜேர்னல் (கிராங்கில் பெயாரிங் உட்காரும் உருளைப் பகுதி) ஒரே அளவு, 1.625 அங்குலம். கிராங்கை பிளாக்கில் தாங்கும் மெயின் ஜேர்னலும் இரண்டிலும் 1.75 அங்குலம்தான். பெயாரிங் உட்கார்ந்ததை வைத்து எந்த என்ஜின் என்று முடிவு கட்ட முடியாது.

இத்தனை வருடத்தில் என்ஜின் மாறாத மைனரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனவே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, டைனமோவுக்கு மேலே பிளாக்கில் இருக்கும் சிறு தகட்டைத் துடைத்துப் படியுங்கள். ஏபிஎச்எம் என்று தொடங்கினால் 803 சிசி. 9எம் என்றால் 948. 10எம்ஏ என்றால் 1098. அதற்குப் பின்னால் வரும் எச் உயர் கம்ப்ரெஷனையும் எல் தாழ்ந்த கம்ப்ரெஷனையும் குறிக்கும். பிஸ்டன் வாங்கும்போது இதையும் சொல்ல வேண்டும்.

தகடு இல்லாவிட்டால், அல்லது தகட்டின் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால், ஹெட்டைக் கழற்றிய நிலையில் பிஸ்டன் அடியிலிருந்து உச்சிக்கு எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று அளந்து பாருங்கள். 76 மி.மீ. என்றால் 803 அல்லது 948. 84 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு என்றால் 1098. பிஸ்டனைக் கனெக்டிங் ரொட்டோடு இணைக்கும் பின்னும் சாட்சி சொல்லும். 948இல் கனெக்டிங் ரொட்டின் சிறு முனையில் ஒரு போல்ட் பின்னை இறுக்கிப் பிடிக்கும். 1098இல் பின் தளர்வாகச் சுழலும், இரு பக்கமும் சர்க்கிளிப் என்ற வளையக் கவ்வி காவல் இருக்கும்.

இனி வாங்கும் வரிசை. பலர் முதலில் போரிங் செய்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுவார்கள். அந்தச் சைஸ் கிடைக்காமல் பிளாக் மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும். பிஸ்டன் கைக்கு வந்த பிறகு, அந்தப் பிஸ்டனையே லேத் பட்டறையில் கொடுத்து அதற்கேற்ப போர் பண்ணச் சொல்லுங்கள். கிராங்கிலும் இதே கதைதான். 10, 20, 30, 40 அண்டர்சைஸில் (ஜேர்னலை அரைத்துக் குறைத்த அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகளாக) எந்த பெயாரிங் கிடைக்கிறது என்று பார்த்த பின்னரே கிரைண்டிங். மெயின் ஒரு சைஸாகவும் பிக் என்ட் வேறு சைஸாகவும் முன்பே அரைக்கப்பட்டிருக்கலாம். இரண்டையும் மைக்ரோமீட்டரில் தனித்தனியே அளக்க வேண்டும். பழைய பெயாரிங்கின் முதுகில் அடித்திருக்கும் 010, 020 போன்ற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போரிங் வேண்டாம், ரிங் மட்டும் போதும் என்று முடிவானால் சிலிண்டரின் மேல் விளிம்பை விரல் நகத்தால் தடவுங்கள். தேயாமல் மிஞ்சிய படி ஒன்று தட்டுப்படும். அதை எடுக்காமல் சாதாரண ரிங் போட்டால் மேல் ரிங் அந்தப் படியில் மோதி உடைந்துவிடும். ஒவ்வொரு ரிங்கையும் வெறும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் அடிப்பகுதி வரை நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். 0.007 முதல் 0.012 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் சூட்டில் இரு முனையும் முட்டிக்கொள்ளும்.

கேள்வி: றம்பொடை இறக்கத்தை செகண்ட் கியரில் இறங்கி முடித்து, அக்சிலரேட்டரை மிதித்ததும் நீலப் புகை கொட்டுகிறது. ஏற்றத்தில் புகையே இல்லை. ரிங் போய்விட்டது என்கிறார் மெக்கானிக் பாஸ். (மைனர், 1098 சிசி)
– வாசகர், ஹட்டன்

பதில்: ரிங் போயிருந்தால் ஏற்றத்திலும் புகைக்கும். இறக்கத்தில் த்ரொட்டில் மூடிய நிலையில் என்ஜின் வேகமாகச் சுழல்வதால் இன்லெட் பக்கம் பலத்த உறிஞ்சல் உண்டாகி, வால்வ் கைட் (வால்வ் தண்டு ஏறி இறங்கும் குழல்) வழியாக ஒயிலை இழுக்கிறது. வால்வ் தண்டிலுள்ள சிறிய ரப்பர் வளையங்கள் கல்லாக இறுகியிருக்கும், அல்லது கைட்டே தேய்ந்திருக்கும். வளையத்தை ஒயிலில் ஊறவைத்து, ஸ்பிரிங்கையும் தொப்பியையும் அழுத்திப் பிடித்த பிறகு, கொட்டர் (தொப்பியைப் பூட்டும் ஆப்பு) பள்ளத்துக்குக் கீழே ஏற்றுங்கள். அழுத்தும் முன் போட்டால் கிழியும்.

ஹெட் கையில் இருக்கும்போதே எக்ஸோஸ்ட் சீட்டையும் (எக்ஸோஸ்ட் வால்வ் மூடி உட்காரும் விளிம்பு) பார்த்துவிடுங்கள். ஈயப் பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. இந்த ஹெட்டில் சீட் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டது, தனி வளையம் கிடையாது. ஈயம் இல்லாமல் நீண்ட ஏற்றங்களில் பாரம் இழுக்கும்போது சீட் மெல்ல உள்ளே இறங்கும். 0.012 அங்குலத்துக்கு வைத்த டப்பட் இடைவெளி (வால்வ் தண்டுக்கும் அதை அழுத்தும் ரொக்கருக்கும் நடுவிலுள்ளது) அடிக்கடி தானாகக் குறைந்தால் அதுதான் காரணம். எக்ஸோஸ்ட் பக்கம் நான்குக்கும் கடின உருக்கு வளையம் போடுங்கள், இன்லெட்டுக்குத் தேவையில்லை. திரும்பப் பூட்டும்போது ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகப் படிப்படியாக 40 இறாத்தல் அடிக்கு இறுக்க வேண்டும்.

கேள்வி: எஸ்யூ கார்பரேட்டருக்கு வாங்கிய ரிப்பேர் கிட்டில் ஜெட் பொருந்தவில்லை. பிளக்கும் எப்போதும் கரி.
– வாசகர், நுவரெலியா

பதில்: எச்2, எச்எஸ்2 என்று இரண்டு வகை. எச்எஸ்2இல் மிதவைக் கிண்ணத்திலிருந்து ஜெட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் போகும். எச்2இல் அந்தக் குழாய் இல்லை, ஜெட்டைச் சுற்றித் தக்கை வளையம். ஒன்றின் கிட் மற்றதற்கு ஆகாது. ஜெட்டுக்குள் இறங்கும் ஊசியின் தடித்த தண்டுப் பகுதியில் எழுத்து இருக்கும். 1098இன் எச்எஸ்2க்கு ஏஎன். அதன் தோள் கார்பரேட்டர் பிஸ்டனின் அடி முகத்தோடு சமமாக நிற்க வேண்டும்.

கரிக்கு உங்கள் ஊரின் உயரமும் காரணம். 1,868 மீற்றரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கொழும்பில் சரியாக வைத்த கலவை அங்கே பெற்றோல் மிகுந்துபோகும். என்ஜின் சூடான பின் ஜெட் நட்டை ஒரு பட்டை (நட்டின் ஒரு பக்கம்) வீதம் மேலே திருகுங்கள். கார்பரேட்டர் பிஸ்டனை 0.8 மி.மீ. உயர்த்தும்போது வேகம் கூடி அப்படியே நின்றால் இன்னும் பெற்றோல் அதிகம். என்ஜின் தடுமாறி நின்றால் குறைவு. கணநேரம் லேசாகக் கூடி இறங்கினால் சரி.

கேள்வி: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் ஆர்மைப் புதிதாகப் போட்ட பிறகு மைனர் சூடானதும் நின்றுவிடுகிறது.
– வாசகர், பண்டாரவளை

பதில்: ரோட்டரின் பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். மலிவான புதியவற்றில் மின்பொறி அந்த ரிவெட் வழியாக உள்ளே ஷாஃப்டுக்கு இறங்கிவிடும். சோதிக்க, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, இக்னிஷன் கொயிலின் தடித்த வயரைக் காப்பிட்ட குறட்டால் பிடித்து, ரோட்டரின் பித்தளைக்கு 3 மி.மீ. மேலே வையுங்கள். சுவிட்சைப் போட்டு, மூடியிருக்கும் கொன்டாக்ட் பொயின்ட்டை விரலால் இல்லாமல் மரக்குச்சியால் திறந்து விடுங்கள். பொறி பாய்ந்தால் ரோட்டர் கசிகிறது. சூடாக இருக்கும்போதே சோதியுங்கள், ஆறிய பின் பல ரோட்டர்கள் நல்ல பிள்ளையாகிவிடும். மாற்றும்போது ரிவெட் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.