பிஎஸ்2 கேமை லேப்டாப்பில் விளையாட 2,500 ரூபாய் பென் டிரைவ் எதற்கு?

கேள்வி: என்னிடம் பழைய பிளேஸ்டேஷன் 2 இருக்கிறது. லென்ஸ் போய்விட்டதால் டிஸ்க் எதையும் படிப்பதில்லை. ஒரிஜினல் டிஸ்க்குகள் சில பத்திரமாக இருக்கின்றன. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம் லேப்டாப் வைத்திருக்கிறேன். எமுலேட்டர் (பிஎஸ்2 கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்), பயாஸ் (பிஎஸ்2-வைத் தொடக்கிவைக்கும் அதன் உள்மென்பொருள்), 300 பிஎஸ்2 கேம் எல்லாம் ஒரு 64 ஜிபி பென் டிரைவில் போட்டு 2,500 ரூபாய்க்குத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? மெமரி கார்டில் உள்ள என் பழைய சேவ்களை லேப்டாப்புக்கு மாற்ற முடியுமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். உங்கள் லேப்டாப்பில் பெரும்பாலான பிஎஸ்2 கேம்கள் ஓடும். சேவ்களையும் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

முதலில் அந்தப் பென் டிரைவ் கணக்கைப் பார்ப்போம். பிஎஸ்2 கேம்கள் பெரும்பாலும் டிவிடியில் வந்தவை. ஒரு டிவிடி கொள்வது 4.7 ஜிபி. பெரிய கேம்கள் கிட்டத்தட்ட முழு டிவிடியையும் நிரப்பிவிடும். சுருக்கி வைத்தாலும் 64 ஜிபியில் 300 அடங்காது. பிறகு அந்த 300 என்ன? பெரும்பாலும் எண்பதுகளின் குட்டி கேம்கள். சூப்பர் மாரியோ பிரதர்ஸின் மொத்த அளவே 40 கேபிதான். அப்படி ஆயிரம் போட்டாலும் பென் டிரைவ் காலியாகத்தான் கிடக்கும். ஒரே கேமை வேறு வேறு பெயரில் பத்து முறை போட்டு எண்ணிக்கை காட்டுவதும் உண்டு. டிவியில் செருகும் ‘பத்தாயிரம் கேம் ஸ்டிக்’ கதையும் இதேதான்.

எமுலேட்டருக்குக் காசே கிடையாது. பிசிஎஸ்எக்ஸ்2 என்பது பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் எழுதிவரும் இலவச மென்பொருள். அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். தேடினால் மேலே வரும் விளம்பரச் சுட்டிகளைத் தொடவே தொடாதீர்கள். ‘பயாஸ் இன்ஸ்டாலர்’ என்று எக்ஸ்இ ஃபைல் எதையாவது கொடுத்தால் அது பயாஸ் இல்லை, வைரஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்2 பயாஸ் 4 எம்பி அளவுள்ள சாதாரண ஃபைல். அதை இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. எமுலேட்டரின் பயாஸ் ஃபோல்டரில் போட்டால் போதும்.

லேப்டாப் விஷயத்துக்கு வருவோம். விற்பவர்கள் எல்லாரும் ரேமைத்தான் பேசுவார்கள். எமுலேட்டருக்கு வேண்டியது வேகமான புராசஸர். 16 ஜிபி ரேம் போட்ட செலரான் லேப்டாப்பைவிட உங்கள் ஐ5 எவ்வளவோ மேல். சார்ஜரைச் செருகிக்கொண்டே விளையாடுங்கள். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கிராபிக்ஸ் செட்டிங்ஸில் திரையில் வேகம் காட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். வேகம் 100 சதவீதத்துக்குக் கீழே போய், ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) என்ற எண் நூறை ஒட்டி நின்றால், ரெசல்யூஷனைக் குறையுங்கள், சரியாகிவிடும். இஇ என்ற எண் நூறை ஒட்டி நின்றால் புராசஸர் திணறுகிறது. ரெசல்யூஷனைக் குறைத்துப் பயனில்லை. இந்தியாவில் விற்ற டிஸ்க்குகள் பால் (PAL, நொடிக்கு 50 பிரேம் காட்டும் டிவி முறை) வகை. அவற்றில் 50 பிரேம் என்று காட்டினால் அதுதான் சரியான வேகம். அதை 60 ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

டிஸ்க்கைக் காப்பி எடுக்கச் சாதாரண டிவிடி டிரைவ் போதும். லேப்டாப்பில் இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றை இரவல் வாங்குங்கள். இம்க்பர்ன் போன்ற இலவச மென்பொருளில் ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்துவிடலாம். அடிப்பக்கம் நீலமாக இருக்கும் டிஸ்க்குகள் சிடி; அவை பின் (.bin), கியூ (.cue) என்று இரண்டு ஃபைலாக வரும், இரண்டையும் ஒன்றாக வைத்திருங்கள். இந்தியாவுக்கென்றே 2009-இல் வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’, ‘தேசி அட்டா’ போன்றவை உங்களிடம் இருந்தால் அவற்றை முதலில் எடுத்துவிடுங்கள்.

இனி பயாஸும் சேவும். இரண்டும் உங்கள் பிஎஸ்2-வுக்குள்ளேதான் இருக்கின்றன, எடுக்க லென்ஸ் தேவையில்லை. ஃப்ரீ மெக்பூட் (டிஸ்க் இல்லாமலே பிஎஸ்2-வில் வேறு நிரல்களைத் திறக்கவைக்கும் மென்பொருள்) போட்ட மெமரி கார்டு ஒன்று வாங்கி முதல் ஸ்லாட்டில் செருகுங்கள். உங்கள் பழைய கார்டு இரண்டாவதில் இருக்கட்டும். எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்த சிறிய பென் டிரைவை முன்பக்க யுஎஸ்பியில் செருகுங்கள். யுலாஞ்ச்எல்ஃப் (அந்தக் கார்டில் வரும் ஃபைல் மேலாளர்) திறந்ததும் எம்சி1-க்குள் (இரண்டாவது ஸ்லாட்) போய், கேமின் ஃபோல்டரை காப்பி செய்து, பென் டிரைவில் ‘பிஎஸ்யு பேஸ்ட்’ கொடுங்கள். ஒவ்வொரு சேவும் ஒரு ஃபைலாக வந்துவிடும். லேப்டாப்பில் மைஎம்சி என்ற கருவி அதை எமுலேட்டரின் மெமரி கார்டுக்குள் ஏற்றும். பயாஸை எடுக்க பயாஸ்டிரெயின் என்று தனி நிரல் இருக்கிறது. அதையும் இதே பென் டிரைவில் வைத்து ஓட்டலாம்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. கார்டு விற்பவர்கள் இதை மட்டும் சொல்லவே மாட்டார்கள். கடைசியாக வந்த மெல்லிய மாடல், எஸ்சிபிஎச்-90000 வரிசை. அதில் பின்னால் தயாரானவற்றில் ஃப்ரீ மெக்பூட் வேலை செய்யாது. அந்த வழியையே சோனி அடைத்துவிட்டது. பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் மின்வயரைப் பாருங்கள்: மெல்லிய பெட்டி, நடுவில் அடாப்டர் இல்லாமல் வயர் நேராகப் பெட்டிக்குள் போகிறது என்றால் அது 90000. அடாப்டர் இருந்தால் அதற்கு முந்தைய மாடல், கவலை வேண்டாம். பழைய தடித்த பெட்டியிலும் அடாப்டர் கிடையாது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதில் ஃப்ரீ மெக்பூட் ஓடும். 90000 என்றால் ஓப்பன்டியூனா (ஃப்ரீ மெக்பூட்டுக்கு மாற்று) போட்ட கார்டு கேளுங்கள், அதுவும் உங்கள் மாடலுக்கானது என்று எழுதி வாங்குங்கள். ‘எல்லா மாடலுக்கும் ஒரே கார்டு’ என்று விளம்பரம் போட்டிருந்தால் அவரிடம் வாங்காதீர்கள்.

இவ்வளவு சுற்ற வேண்டியதே அநியாயம். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை பிஎஸ்5-இல் போட்டால் படிக்காது. பயாஸ் ஃபைலைச் சோனி விற்பதும் இல்லை. பழைய கேம் வேண்டுமா, மறுபடி காசு கட்டு, அதிலும் நாங்கள் தேர்ந்தெடுத்ததைத்தான் விளையாடு என்கிறார்கள். நம் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறைப்படி வாங்கிய மென்பொருள் கெட்டுப்போகாமல் காக்கப் பிரதி எடுக்க அனுமதிக்கிறது. அந்த அனுமதியைச் சுலபமாகப் பயன்படுத்த ஒரு வழி வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த இடைவெளியில்தான் பென் டிரைவ் வியாபாரி கடை போடுகிறார்.

போனில் விளையாடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஈதர்எஸ்எக்ஸ்2 என்ற நல்ல ஆப் இருந்தது. அதை எழுதியவர் 2023-இல் கைவிட்டுவிட்டார். இப்போது அதே பெயரில் சுற்றுபவற்றில் எது உண்மை, எது விளம்பரக் குப்பை என்று பிரிப்பது கஷ்டம். லேப்டாப் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

கடைசியாக ஒன்று. எமுலேட்டரில் ‘சேவ் ஸ்டேட்’ என்று ஒரு பட்டன் இருக்கும், எந்த இடத்திலும் நிறுத்தி வைக்கலாம். பிசிஎஸ்எக்ஸ்2-வைப் புதுப்பித்தால் பழைய ஸ்டேட்கள் திறக்காமல் போகலாம். அதனால் கேமுக்குள்ளேயே மெமரி கார்டில் சேவ் செய்துவிட்டு எழுந்திருங்கள்.