ஐந்து மில்லிகிராம் மாத்திரையை விட்டுவிடலாமா?

சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களின் கடிதங்களில், உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தாக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் பெயரைச் சரியாக எழுதியவர் அபூர்வம். வைசோலோன், அதாவது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். கோபமும் அதன்மேல்தான். ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலிருந்து இந்த முறை வந்தவற்றில் சில.

கேள்வி: அம்மா கொடுத்த சிறுநீரகம் வைத்து நான்கு வருடம் ஆகிறது. கிரியேட்டினின் (ஏறினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டும் ரத்த அளவு) 1.2. தினமும் பிரெட்னிசோலோன் 5 மி.கி. போடுகிறேன். என்னோடு டயாலிசிஸில் இருந்த நண்பருக்கு ஆபரேஷன் முடிந்த ஒரே வாரத்தில் ஸ்டீராய்டை நிறுத்திவிட்டார்களாம். எனக்கு ஏன் நிறுத்தவில்லை? (ஆண், 36, தண்டையார்பேட்டை)

பதில்: நண்பருக்கு அது முன்கூட்டியே போட்ட திட்டம். முதல் மாற்றுதானா, ரத்தத்தில் தொல்லை தரும் ஆன்டிபாடி இல்லையா என்றெல்லாம் பார்த்து, ஆபரேஷன் சமயத்திலேயே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசியும் போட்டு, அதன்பிறகு எடுத்திருப்பார்கள். நீங்களோ நான்கு வருடமாக இந்த மருந்துகளோடு பழகிய உடம்பு. இப்போது அதில் ஒன்றை உருவுவது வேறு கணக்கு. 2009-ல் வந்த கேடிகோ என்ற சர்வதேச வழிகாட்டுதலும் இரண்டையும் பிரித்தே பேசுகிறது. ரிஸ்க் குறைந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே நிறுத்தலாம். அந்த வாரம் தாண்டிவிட்டால் தொடர்வது மேல். இரண்டாவது யோசனைக்கு ஆதாரம் பலவீனம் என்பதையும் அதுவே ஒப்புக்கொள்கிறது.

பிறகு நிறுத்துவதில் டாக்டர்களான எங்களுக்குப் பயம் வந்ததில் 1992-ல் வெளியான கனடா ஆய்வுக்குப் பங்கு உண்டு. 523 நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு 90-வது நாளில் ஸ்டீராய்டை எடுத்தார்கள். முதலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வருடங்கள் போகப் போக அந்தப் பிரிவில்தான் அதிகச் சிறுநீரகங்கள் பழுதாயின. அது சைக்ளோஸ்போரின் என்ற பழைய தடுப்பு மருந்தின் காலம். இன்றைய டாக்ரோலிமஸ் அதைவிடக் கெட்டி. 2008-ல் வந்த அமெரிக்க ஆய்வில், ஏழாம் நாளே நிறுத்தியவர்களும் 5 மி.கி. தொடர்ந்தவர்களும் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். ஆனால் ரிஜெக்‌ஷன், அதாவது உடம்பு மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்குவது, தொடர்ந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு, நிறுத்தியவர்களில் சுமார் 18 பேருக்கு வந்தது. பெரும்பாலும் லேசானதுதான்.

எலும்பு, கண், சர்க்கரை எதுவும் படுத்தாதவரை, 1.2-ல் நன்றாக ஓடும் சிறுநீரகத்தில் நான் கை வைக்க மாட்டேன். இதில் என்னோடு ஒத்துப்போகாத நல்ல டாக்டர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: மாற்று செய்தபிறகுதான் என் கணவருக்குச் சர்க்கரை வந்தது. ஸ்டீராய்டை நிறுத்தினால் போய்விடுமா? (பெண், 45, பெரம்பூர்)

பதில்: போய்விடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. மேலே சொன்ன 2008 ஆய்வில் இரண்டு பிரிவிலும் சர்க்கரை வந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுதான். இன்சுலின் போடும் நிலைக்குப் போனவர்கள்தான் நிறுத்திய பிரிவில் குறைவு. டாக்ரோலிமஸும் கணையத்தை அடக்கும். பழியை ஸ்டீராய்டு ஒன்றே சுமக்க வேண்டியதில்லை.

ஒன்று கவனியுங்கள் அம்மா. காலையில் போடும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுவது பெரும்பாலும் மதியத்துக்குமேல். வெறும் வயிற்றில் பார்த்து 98 என்று சந்தோஷப்பட்டவருக்கு மாலை நான்கு மணிக்கு, சரியாக பஜ்ஜி வரும் நேரத்தில், 240 இருக்கலாம். சாயங்காலமும் ஒரு முறை குத்திப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

கேள்வி: காசிமேட்டில் மீன் ஏலத்தில் வேலை. விடியற்காலை வெறும் வயிற்றில் போட்டால் எரிகிறது என்று ஸ்டீராய்டை மட்டும் பத்து நாளாக விட்டுவிட்டேன். கிரியேட்டினின் ஏறவில்லை. ஆனால் எழுந்தால் தலை சுற்றுகிறது, குமட்டல், மூட்டெல்லாம் வலி. (ஆண், 41)

பதில்: தம்பி, இதைப் படித்ததும் உங்கள் மாற்று சிகிச்சை டாக்டரைக் கூப்பிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் ஏறக்குறைய 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமமான ஹார்மோனைச் சுரக்கும். வெளியிலிருந்து வருடக்கணக்கில் மாத்திரை வந்தால் அது தூங்கிவிடும். நீங்கள் திடீரென்று விட்டதும் உடம்பில் இரண்டுமே இல்லை. ரத்த அழுத்தம், சோடியம், சர்க்கரை எல்லாம் இறங்கலாம். காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. நேராக எமர்ஜென்சிக்குப் போய் ஸ்டீராய்டை நிறுத்திய விஷயத்தைச் சொல்லுங்கள்.

கிரியேட்டினின் ஏறாததை நம்பி இருக்கவும் வேண்டாம். ரிஜெக்‌ஷன் பல நேரம் வலியே இல்லாமல் வரும். என்னிடம் ஒருவர் மாதாமாதம் ‘எல்லாம் போடுகிறேன் சார்’ என்பார். ஒருநாள் அவர் மனைவி பையைக் கவிழ்த்தார். பிரிக்காத நான்கு அட்டைகள், ரப்பர் பேண்டு போட்டு. அப்போது கிரியேட்டினின் 2.6.

எரிச்சலுக்கு வழி சுலபம். அந்த மாத்திரையை விடியற்காலையிலேயே போட வேண்டியதில்லை. ஏலம் முடிந்து இட்லி சாப்பிட்டபின் போடலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். அப்புறம், பல் பிடுங்கப் போனாலும் ஸ்டீராய்டு போடுபவர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. மாற்று செய்தபிறகு உயரமே ஏறவில்லை. (வியாசர்பாடி)

பதில்: குழந்தைகள் விஷயத்தில் என் தராசு மறுபக்கம் சாயும். 196 குழந்தைகளை வைத்து 2010-ல் வந்த ஐரோப்பிய ஆய்வில் ஸ்டீராய்டைச் சீக்கிரம் எடுத்தவர்கள் நன்றாக வளர்ந்தார்கள், குறிப்பாக வயதுக்கு வராதவர்கள். ஆனால் அதுவும் ஆரம்பத்திலேயே எடுத்ததுதான். கதவு நிலையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேதியோடு கோடு போட்டு, அந்த அளவுகளோடு குழந்தைகள் சிறுநீரக நிபுணரிடம் பேசுங்கள்.

கேள்வி: இடுப்பு எலும்பு கெட்டதால் எனக்கு ஸ்டீராய்டைக் குறைக்கப் போகிறார்கள். எப்படிக் குறைப்பார்கள்? (ஆண், 52, திருவொற்றியூர்)

பதில்: மெதுவாக. 5 மி.கி.-க்குக் கீழே பலர் மாதத்துக்கு 1 மி.கி. என்று இறக்குவோம். அடிக்கடி ரத்தப் பரிசோதனை இருக்கும், அலுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டீராய்டு குறையும்போது டாக்ரோலிமஸ் அளவு தானாகவே ஏறக்கூடும், அதையும் பார்க்க வேண்டும். பரிசோதனை நாளில் காலை டாக்ரோலிமஸைப் போட்டுவிட்டு லேபுக்குப் போகாதீர்கள், கணக்கே தப்பாகிவிடும். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்ததும் அங்கேயே தண்ணீர் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.