நீண்ட தூர ஓட்டத்துக்கு உறுத்தாத ஸ்போர்ட்ஸ் பிரா எப்படித் தேர்ந்தெடுப்பது?

பத்து கிலோமீட்டர் தாண்டினால் பட்டை உரசி எரிகிறது என்கிறீர்கள். தோள் மேல் வரும் பட்டையை இறுக்கிப் பயனில்லை. எடையைத் தாங்க வேண்டியது மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டைதான். அதற்குள் இரண்டு விரல் நுழையலாம், கையைத் தூக்கினால் மேலே ஏறக் கூடாது. டிரயல் ரூமில் வெட்கப்படாமல் குதித்துப் பாருங்கள். (1977இல் அமெரிக்காவில் லிசா லிண்டாலும் தோழிகளும் செய்த ஸ்போர்ட்ஸ் பிராவின் முதல் மாதிரியே, ஆண்கள் விளையாடும்போது போடும் ஜாக்ஸ்ட்ராப் என்ற உள்ளாடை இரண்டைச் சேர்த்துத் தைத்ததுதான்!) மார்பு பெரிதென்றால், மொத்தமாக அமுக்குவதைவிடத் தனித்தனிக் கப் உள்ளது நல்லது. பருத்தி வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும், ஈரத் தோல்தான் சீக்கிரம் உரியும். தையல் படும் இடத்தில் ஓடுவதற்கு முன் வாசலின் தடவுங்கள். புதியதை முதன்முதலாக மாரத்தான் அன்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.